எந்தக் கால்னு கேட்டீங்களா?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் படிச்சது பி.காம்., பார்க்கறது பேங்க் உத்தியோகம். டாக்டர் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல குடியிருந்தவன்கூட இல்லை. ஆனா ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு பன்னெண்டு வருஷமா பெங்களூருல குப்பை கொட்டற தகுதியில ஒரு விஷயத்தைப் பத்தி அபிப்பிராயம் சொல்லலாம்னு இருக்கேன். மருந்து எழுதப் போறதில்லை, பயப்படாதீங்க.

எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸாப் குரூப்புல வழக்கமா தண்ணி லாரி, பார்க்கிங், நாய் மூணும்தான் ஓடும். போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி வாக்குல ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. ஆறு வயசுப் பையன், ராத்திரி ஆனா கால் வலிக்குதுன்னு அழறான், எந்தக் கால்சியம் சிரப் நல்லதுன்னு. அரை மணி நேரத்துல 23 பதில். நாலு பிராண்ட் பேரு, ரெண்டு ஆயுர்வேத எண்ணெய், ஒரு மெக்னீசியம் மிட்டாய், ஒரு ரத்தப் பரிசோதனை பேக்கேஜ் (ஆபர்ல போகுதாம்), மிச்சம் எல்லாம் "வளர்ற வலிதான், தானா போயிடும்". இருபத்து மூணு பேருல ஒருத்தர்கூட "எந்தக் கால்?"னு கேட்கலை. ஒரு காலா, ரெண்டு காலா? முன்னாடியா, பின்னாடியா? காலைல எந்திரிச்சா எப்படி இருக்கான்? ம்ஹும்.

நாப்பதாயிரம் ரூபாய் பர்சனல் லோனுக்கு நாங்க எத்தனை கேள்வி கேட்கறோம் தெரியுமா? சம்பளச் சீட்டு, ஆறு மாச ஸ்டேட்மெண்ட், வாடகை ஒப்பந்தம், போதாததுக்கு மாமனார் பேரு வேற. பிள்ளை கால் வலின்னா மட்டும் கேள்வியே இல்லாம டானிக் சாங்ஷன் ஆயிடுது. என்னோட வருத்தம் அவ்வளவுதான். டானிக் மேல எனக்கு விரோதம் கிடையாது.

ஏன் கேட்கணும்னா, கால் வலின்னு பிள்ளைங்க சொல்றது ஒரே சரக்கு இல்லை. குறைஞ்சது மூணு நாலு விதம் அந்த ஒரே வார்த்தைக்குள்ள வருது.

முதல்ல நிஜமான பிடிப்பு. எங்க ஊர்ப்பக்கம் (அருப்புக்கோட்டை) "கொரக்களி பிடிச்சுக்கிச்சு"ம்பாங்க. கெண்டைக்கால் சதை கல்லு மாதிரி இறுகிடும், தொட்டாலே தெரியும். இங்க கன்னடத்துல அந்தச் சதைக்கு மீனகண்டான்னு பேரு. நம்ம ஊர்ல கெண்டைன்னாலும் மீன்தானே! ரெண்டு ஊர்க்காரனும் அந்தச் சதையைப் பார்த்து ஒரே மாதிரி மீன்னு நினைச்சிருக்கான் பாருங்க. காவிரிப் பங்கீட்டுல வராத ஒற்றுமை கால்ல வந்திருக்கு :-)

இந்தப் பிடிப்பு சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது குறைவு. கனடாவுல ஆரோக்கியமான 2,500க்கும் மேற்பட்ட பிள்ளைங்களை விசாரிச்சு 1999ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, நூத்துக்கு ஏழு பேருக்குத்தான் ராத்திரிப் பிடிப்பு இருந்துச்சு. அதுல எட்டு வயசுக்குக் கீழ யாருமே இல்லை. பதினாறு, பதினேழு வயசுலதான் உச்சம். வந்தா கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஒரு கால்ல மட்டும். சராசரியா ரெண்டு நிமிஷத்துக்குள்ள அடங்கிடுது. அடங்கின பிறகு சதை கொஞ்ச நேரம் நோவெடுக்கும், அவ்வளவுதான்.

அது வந்தா செய்ய வேண்டியதும் லேசு. முழங்காலை நேரா நீட்டி, பாதத்தை மெதுவா முகத்துப் பக்கமா வளைச்சு, அரை நிமிஷம் அப்படியே பிடிக்கணும். கட்டை விரலைப் புடிச்சு வெடுக்குனு இழுக்கற வேலை வேண்டாம். சதை இளகினதும் தேய்ச்சு விட்டு வெதுவெதுன்னு ஒத்தடம். வெயில்ல நாள் பூரா ஃபுட்பால் ஆடிட்டு ஒழுங்கா தண்ணி குடிக்காத பையனா இருந்தா, அன்னிக்குத் தண்ணியும் உப்புப் போட்ட மோரும் (இங்க மஜ்ஜிகே) உள்ள போகணும். கடையில டெட்ரா பாக்கெட்ல ஓ.ஆர்.எஸ்.னு பேரு போட்டு வித்தாங்களே, சர்க்கரைத் தண்ணி, அதைத் தேடி ஓடாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட அளவுப்படி இல்லாத பானத்துக்கு அந்தப் பேரையே வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஹைதராபாத்துல ஒரு குழந்தை டாக்டரம்மா வருஷக்கணக்கா ஒத்தையாளா போராடி வாங்கின உத்தரவு அது.

அடுத்தது, ஆறு வயசுப் பையன் ராத்திரி அழுதான்னா பெரும்பாலும் இதுதான்: "வளர்ற வலி". மூணு வயசுலேர்ந்து பன்னெண்டு வயசு வரைக்கும் வரும். சாயங்காலமோ ராத்திரியோ, ரெண்டு கால்லயும், தொடை முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலுக்குப் பின்னாடி. மூட்டுல இல்லை, சதையிலதான். கல்லு மாதிரி இறுகாது, வீக்கம் சிவப்பு எதுவும் இருக்காது. அமுக்கி விட்டா பிள்ளைக்குச் சுகமா இருக்கும். காலைல பார்த்தா ராத்திரி அழுதவன் இவன்தானாங்கற மாதிரி சோபாவுல குதிச்சுக்கிட்டு இருப்பான். ஆஸ்திரேலியாவுல 2004ல நடந்த கணக்கெடுப்புல நாலுலேர்ந்து ஆறு வயசுப் பிள்ளைங்கள்ல 37 சதவீதம் பேருக்கு இந்த வலி இருந்துச்சு. மூணுல ஒருத்தருக்கு மேல! நம்ம பிள்ளைக்கு மட்டும் என்னமோ ஆயிடுச்சுன்னு பதறத் தேவையில்லை.

ஆனா இந்தப் பேருலதான் எனக்குச் சண்டை. வளர்றதுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் இருக்கறதா யாரும் நிரூபிக்கலை. 1823லேயே ஒரு பிரெஞ்சு டாக்டர் வச்ச பேரு, இருநூறு வருஷமா ஒட்டிக்கிட்டே வருது. கணக்குப் போட்டுப் பாருங்க. பிறந்த முதல் வருஷத்துல பிள்ளை 25 செ.மீ. வளருது. வயசுக்கு வர்ற சமயத்துல வருஷத்துக்கு எட்டு, ஒன்பது செ.மீ. நடுவுல ஆறு, ஏழு வயசுல வெறும் அஞ்சாறு செ.மீ.தான். வளர்ச்சிதான் காரணம்னா கைக்குழந்தைதானே கத்தணும்? வளர்ச்சி மெதுவா இருக்கற காலத்துலதான் இந்த வலி வருது. நாள் பூரா ஓடியாடின சதை களைச்சுப் போறது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க, முடிவா எதுவும் இல்லை. அதாவது "வளர்ற வலி"ங்கறது காரணம் இல்லை, மத்ததெல்லாம் இல்லைன்னு பார்த்த பிறகு கடைசியா வைக்கற பேரு. நம்ம ஆளுங்க பார்க்காமலேயே முதல்ல வச்சுடறாங்க. ஃபைலைத் திறக்காமலேயே "முடிக்கப்பட்டது"ன்னு முத்திரை குத்தற மாதிரி.

எங்க வீட்டுல சின்னவளுக்கு ஏழு வயசுல இது வந்துச்சு. தங்கமணி ஒரு பழைய டைரியை எடுத்தா. நான் கோடு போட்டுக் கொடுத்தேன் (அது நமக்குக் கைவந்த கலை). தேதி, மணி, எந்தக் கால், எந்த இடம், அன்னிக்கு என்ன ஆடினா, எதுல அடங்கிச்சு, மறுநாள் காலைல எப்படி இருந்தா. மூணு வாரத்துல அஞ்சு தடவை வலி, அதுல நாலு தடவை ஸ்கேட்டிங் கிளாஸ் போன நாள். பெங்களூரு அபார்ட்மெண்ட்ல பொறந்த பிள்ளைக்கு ஸ்கேட்டிங் கட்டாயப் பாடம்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜெயநகர் பக்கம் நாங்க பார்க்கற குழந்தை டாக்டர் "ஏனாயித்து புட்டி?"ன்னு கேட்டுட்டு, அவளைக் குதிகால்ல நடக்க வச்சார், நுனிக்கால்ல நடக்க வச்சார், முட்டி, இடுப்பு, வயிறு எல்லாம் பார்த்தார், டைரியை ரெண்டு நிமிஷம் படிச்சார். ஒரு டெஸ்டும் எழுதலை. காலை நீட்டி வளைக்கற பயிற்சி மூணு சொல்லிக் கொடுத்து அனுப்பிட்டார். பீஸ் கொடுக்கும்போது இவ்வளவு சந்தோஷமா நான் கொடுத்ததே இல்லை.

அந்தப் பயிற்சிக்கு ஆதாரம் இருக்கான்னு தேடினேன் (ஆடிட் புத்தி போகாது). 1988ல கனடாவுல ஒரு சின்ன ஆய்வு. பெத்தவங்களே காலையும் ராத்திரியும் பிள்ளையோட தொடை முன்சதை, பின்சதை, கெண்டைக்கால் மூணையும் நீட்டி விடணும். அப்படிச் செஞ்ச பிள்ளைங்களுக்கு, செய்யாதவங்களைவிட வலி சீக்கிரமா குறைஞ்சிருக்கு. பெரிய ஆய்வு இல்லைதான். ஆனா செலவும் இல்லை, பக்க விளைவும் இல்லை. எந்த டானிக் கம்பெனியும் இதை விளம்பரம் பண்ணப் போறதில்லை, அதனாலதான் நான் பண்றேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க அப்பத்தா ராத்திரி நல்லெண்ணெயைச் சுட வச்சு முழங்காலுக்குக் கீழ தேய்ச்சு விடும். தேய்க்கும்போதே "இன்னிக்கு எந்தக் கம்மாயில குதிச்சே, எந்த மரத்துல ஏறுனே"ன்னு விசாரணை நடக்கும். "இங்கனயா, இங்கனயா"ன்னு அமுக்கிக்கிட்டே போகும். இப்ப யோசிச்சா அது எண்ணெய் வைத்தியம் மட்டும் இல்லை, எங்க வீட்டு டைரியில இருக்கற அத்தனை காலத்தையும் கிழவி வாயாலேயே நிரப்பியிருக்கு. எண்ணெய்ல பெருசா மருந்து இருந்ததா நான் நம்பலை. அந்தக் கேள்வியும் அந்தக் கையும்தான் வேலை செஞ்சிருக்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். மூணாவது, காய்ச்சலுக்கு அப்புறம் வர்றது. ஜூன்லேர்ந்து இந்த ஊர்ல மழையும் சளியும் ஒண்ணாத்தான் வரும். காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்ல பிள்ளை திடீர்னு ஒரு காலைல எந்திரிச்சு நடக்க மாட்டேங்கும், இல்லைன்னா நுனிக்கால்ல நடக்கும். ரெண்டு கெண்டைக்காலும் தொட விடாது. வைரஸால சதையில வர்ற அழற்சி இது. சென்னையில 2001 அக்டோபர்லேர்ந்து 2002 பிப்ரவரிக்குள்ள மட்டும் இப்படி 40 பிள்ளைங்களைப் பார்த்து டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள ஓய்வுலயே சரியாயிடும். இதை வீட்டுலயே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டிடணும். மூத்திரம் டீ டிகாக்‌ஷன் நிறத்துல போனாலோ, வலி இல்லாம கால் மட்டும் வலுவிழந்துக்கிட்டே போனாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி. இன்னொண்ணு, வைரஸ் காய்ச்சல்ல பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

நாலாவது நிறையப் பேருக்குத் தெரியாது. சில பிள்ளைங்க வலின்னு சொல்றது வலியே இல்லை. "காலுக்குள்ள எறும்பு ஊருது", "காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்கு"ன்னு சொல்லும். படுத்தா அதிகமாகும், எந்திரிச்சு நடந்தா குறையும். இதுக்குப் பின்னாடி இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள நம்ம நாட்டுப் பிள்ளைங்கள்ல 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதுல வேடிக்கை என்னன்னா, கால் வலிக்குதுன்னு பாலை லிட்டர் கணக்குல ஊத்தற வீடுகள் இருக்கு. அளவுக்கு மீறின பால் வயித்தை நிரப்பி, இரும்புச்சத்து இருக்கற சாப்பாட்டைத் தள்ளி வச்சிடும். எதுக்கு மருந்துன்னு கொடுக்கறோமோ அதுவே குறையைக் கூட்டும்.

இப்ப கால்சியம், வைட்டமின் டி. இது பொய்யான பயம்னு நான் சொல்லலை. 2016-18ல நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வுல, 5லேர்ந்து 9 வயசுப் பிள்ளைங்கள்ல 18 சதவீதம் பேருக்கும், 10லேர்ந்து 19 வயசுக்காரங்கள்ல 24 சதவீதம் பேருக்கும் வைட்டமின் டி குறைவு. கம்மியான எண்ணிக்கை இல்லை. ரொம்பக் குறைஞ்சா எலும்பு வலிக்கும், கால் வளையும், கால்சியம் இறங்கிப் பிடிப்பும் வரும். காரணமும் நம்ம கண் முன்னாடியே இருக்கு. ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ், நாலரைக்கு வீடு, அஞ்சரைக்கு டியூஷன். ஸ்கூல்ல இருக்கற ஒரே வெயில் பி.டி. பீரியட்தான். அதையும் பரீட்சை நெருங்கினா கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கறாங்க. வாங்கின கடனைத் திருப்பித் தந்ததா சரித்திரமே இல்லை. எங்க பாஷையில அது வாராக்கடன்.

காலை இளவெயில்ல நிக்க வச்சா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. இளவெயில் சுகமா இருக்கும், ஆனா வைட்டமின் டி உண்டாக்கற கதிர் அப்ப ரொம்பக் கம்மி. திருப்பதியில செஞ்ச ஆய்வுல காலை 11 மணிலேர்ந்து மதியம் 2 மணி வரைக்கும்தான் நல்லா உண்டாகறதாத் தெரிஞ்சது. பெங்களூரும் திருப்பதியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. அந்த நேரத்துல நம்ம பிள்ளை எங்க இருக்கு? டியூப் லைட் அடியில. அதனால அந்த பி.டி. பீரியடுக்காக பெற்றோர் கூட்டத்துல சண்டை போடறது டானிக் பேரு விசாரிக்கறதைவிட உருப்படியான காரியம்னு நினைக்கறேன்.

சாப்பாட்டுல இந்த ஊர் நமக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கு: ராகி. நூறு கிராம் ராகியில சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். அதே நூறு மில்லி பால்ல 120 சொச்சம்தான். கர்நாடக அரசுப் பள்ளிகள்ல 2013லேர்ந்து பால் கொடுக்கறாங்க, 2024ல ராகி மால்ட்டையும் சேர்த்தாங்க. நம்ம அபார்ட்மெண்ட் பிள்ளைங்க ராகி முத்தேயைப் பார்த்தா "களிமண் உருண்டை"ங்குது. தோசையா வார்த்துக் கொடுத்தா தெரியாம சாப்பிட்டுடுது.

எனக்கு உண்மையிலேயே பயம் எங்கன்னா, அந்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்ல. சீட்டே இல்லாம மெடிக்கல் ஷாப்ல கேட்டாலும் சில இடத்துல தூக்கிக் கொடுத்துடறாங்க. டாக்டர் பார்த்துட்டு எழுதினா வாரத்துக்கு ஒண்ணுன்னு சில வாரத்துக்கு எழுதுவார். அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு தினம் ஒண்ணு கொடுத்து, பிள்ளை வாந்தியோட ஆஸ்பத்திரியில சேர்ந்த கேஸ்கள் நம்ம நாட்டுலேயே பதிவாகியிருக்கு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட்தான். ஒரு பாக்கெட்டே நூறு நாள் சரக்கு. ஒரு மாசம் தினம் கொடுத்தா 18 லட்சம் யூனிட், எட்டு வருஷத்து ரேஷன்! ரத்தத்துல கால்சியம் ஏறும், சிறுநீரகம் அடி வாங்கும். தண்ணியில கரையற வைட்டமின் மாதிரி மூத்திரத்துல போயிடாது, கொழுப்புல தங்கிடும். அப்புறம் அந்த மெக்னீசியம் மிட்டாய். பெரியவங்களோட கால் பிடிப்புக்கே அது பெருசா உதவறதில்லைன்னு 2020ல காக்ரேன் தொகுப்பு ஆய்வு சொல்லிடுச்சு. பிள்ளைக்கு எதை நம்பி வாங்கிக் கொடுக்கறது?

கடைசியா, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். முன்னாடி வேலை பார்த்த பிராஞ்ச்ல ஒரு சப்-ஸ்டாஃப் இருந்தார், ஹாசன் பக்கத்து ஆள். அவர் பையனுக்கு அப்ப அஞ்சு வயசு. கால் வலி. எல்லாரும் ஒரே மாதிரி "வளர்ற வலி"ன்னாங்க, ஒரு கிளினிக்ல ரெண்டு மாசம் டானிக். ஆனா அந்தப் பையன் விந்தி நடந்தது வலது கால்ல மட்டும். வலி காலைலயும் இருந்துச்சு. அமுக்கினா கையைத் தட்டி விட்டான். விட்டு விட்டுக் காய்ச்சல். முகம் வெளுத்துக்கிட்டே போச்சு, அடிபடாமலேயே தொடையில நீலத் திட்டு. கடைசியில ஒரு டாக்டரம்மா சட்டையைக் கழட்டிப் பார்த்துட்டு அன்னிக்கே சாதாரண ரத்த எண்ணிக்கை எடுக்கச் சொன்னாங்க. லுகேமியா. கிட்வாய்ல ரெண்டரை வருஷத்துக்கு மேல சிகிச்சை. இப்ப எட்டாவது படிக்கறான், கபடி ஆடறான், அப்பாவோட போன்ல கேம் ஆடி டேட்டாவைக் காலி பண்றான். எலும்பு வலியோட வர்ற லுகேமியா அபூர்வம். நூத்துல தொண்ணூத்தொன்பது பிள்ளைக்கு அது இருக்காது. ஆனா அந்த ஒருத்தனை மத்தவங்ககிட்டேயிருந்து பிரிச்சுக் காட்டறது ஸ்கேனோ பேக்கேஜோ இல்லை, "எந்தக் கால்? காலைலயும் வலிக்குதா?"ங்கற ரெண்டு கேள்விதான். அதோட மூட்டு வீக்கம், எடை குறையறது, விந்தல், காய்ச்சல், வெளுப்பு. இதுல ஒண்ணு இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை லீவு வரட்டும்னு தள்ளிப் போடக் கூடாது.

அந்த வாட்ஸாப் அம்மாவுக்கு 24ஆவது பதிலா டைரி மேட்டரைத்தான் போட்டேன். ரெண்டு பேரு கட்டை விரல் காட்டினாங்க, ஒருத்தர் உடனே தண்ணி லாரி வந்துச்சான்னு கேட்டார்.

டாக்டர்கிட்ட போறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். பிள்ளைக்கு ஷார்ட்ஸ் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. இந்த ஊர்க் குளிருக்கு எல்லாரும் இறுக்கமான ஜீன்ஸை மாட்டிக் கொண்டு வர்றாங்க. டாக்டருக்கு ரெண்டு காலையும் சேர்த்து வச்சுப் பார்க்கணும், இடுப்பை அசைச்சுப் பார்க்கணும். உங்களுக்குக் கிடைக்கறது ஏழு நிமிஷம், அந்த ஜீன்ஸைக் கழட்டவே நாலு நிமிஷம் ஆகும்.